கார்புரேட்டர் புல்லட்டை எரிபொருள் இன்ஜெக்ஷனுக்கு மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

இது 2020க்கு முன் கார்புரேட்டருடன் வந்த ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 யுசிஇ (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உறையில் அமைந்த) எஞ்சினை மனத்தில் வைத்து எழுதியது. 346 சிசி, ஒற்றைச் சிலிண்டர், காற்றால் குளிரும் எஞ்சின், 12 வோல்ட் பேட்டரி, மின் ஸ்டார்ட்டர். இதே அமைப்புள்ள வேறு வண்டிகளுக்கும் பெரும்பாலான படிகள் பொருந்தும். 6 வோல்ட் வண்டிகளுக்குப் பொருந்தாது.

இந்த வேலையில் இறங்கும் புதியவர்கள் பெரும்பாலோர் முதல் நாளே கார்புரேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். அதன் பிறகு வண்டி கிளம்பவில்லை என்றால், குறை பெட்ரோலிலா, மின்சாரத்திலா, சென்சாரிலா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. கார்புரேட்டர் கடைசியில்தான் கழல வேண்டும். மின்சாரம், சிக்னல், பெட்ரோல் அழுத்தம் மூன்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகு மடிக்கணினியில் எண்களைத் தொடலாம். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. சட்டமும் எஞ்சினின் உடல்நிலையும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கும் உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பொதுச் சாலையில் ஓட்டும் எண்ணம் இருந்தால், பாகம் வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து எஞ்சின். கம்ப்ரஷன், ஹைட்ராலிக் டேப்பெட்டின் சத்தம், இன்லெட் ரப்பரில் வெடிப்பு, சைலன்சர் வளைவுக் குழாய் ஹெட்டில் சேரும் இடத்தில் கசிவு ஆகிய நான்கையும் பாருங்கள். கார்புரேட்டரில் ஒழுங்காக ஓடாத எஞ்சின் இன்ஜெக்ஷனிலும் ஒழுங்காக ஓடாது. மிக்சர் ஸ்க்ரூவைத் திருகி மறைத்து வைத்த காற்றுக் கசிவெல்லாம் இங்கே அப்பட்டமாக வெளிவந்து நிற்கும்.

2. மின்சாரக் கணக்கு

கார்புரேட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. இன்ஜெக்ஷனுக்கு அது இல்லாமல் எதுவும் நடக்காது. பெட்ரோல் பம்ப் மட்டும் 2 முதல் 4 ஆம்பியர் வரை இழுக்கும். ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், ரிலே, இதையெல்லாம் கட்டுப்படுத்தும் சிறு கணினியான இசியு எல்லாம் சேர்த்தால் கூடுதல் சுமை ஏறக்குறைய 70 வாட். ஏற்கெனவே ஹெட்லைட் 55 அல்லது 60 வாட் எடுத்துக்கொண்டிருக்கிறது.

இதை வண்டியிலேயே அளந்து பாருங்கள். ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரி முனையில் ஒரு 55 வாட் பல்பைக் கூடுதலாக இணைத்து, எஞ்சினை 2,500 சுழற்சியில் வையுங்கள். மல்டிமீட்டர் 13.5 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டினால் மேலே போகலாம். 12.5இல் தொங்கினால் ரெக்டிஃபயர், மேக்னெட் காயில், எர்த் இணைப்பு ஆகியவற்றைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பேட்டரி பழசாக இருந்தால் மாற்றிவிடுங்கள். ஸ்டார்ட்டரை அழுத்தும்போது பேட்டரி 8 வோல்ட்டுக்கு இறங்கினால் இசியு அணைந்து மறுபடி எழும். கிராங்கின் நிலையை அறிய அது எண்ணிவரும் பல் சக்கரத்தின் எண்ணிக்கையை (4ஆம் படி) அந்த நொடியில் மறந்துவிடும். ‘காலையில் மட்டும் கிளம்ப மறுக்கிறது’ என்று வரும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

3. பாகங்களைத் தேர்ந்தெடுத்தல்

இசியுவுக்கு ஸ்பீடுயினோ போதும். திறந்த மூலத் திட்டம், அர்டுயினோ மெகா 2560 பலகையில் ஓடுகிறது, மடிக்கணினியில் எண்களைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் டியூனர்ஸ்டுடியோ மென்பொருளோடு பேசும். மைக்ரோஸ்குவர்ட் விலை கூடுதல். ஆனால் உறை, கனெக்டர் எல்லாம் ஆட்டத்தைத் தாங்கும்படி வருகிறது. கையில் பணம் இருந்தால் அதையே வாங்குங்கள், புல்லட்டின் அதிர்வு அப்படிப்பட்டது. ஸ்பீடுயினோதான் என்றால், பலகைகள் ஒன்றோடொன்று செருகும் ஊசி வரிசையை உறுதியாகக் கட்டி, பெட்டியை ரப்பர் புஷ் மேல் உட்கார வைக்க வேண்டும்.

இன்ஜெக்டர் தேர்வில்தான் காசு வீணாகும். கணக்கு எளிது. இந்த எஞ்சின் ஏறக்குறைய 20 குதிரைத்திறன் தரும். ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 5.25 சிசி பெட்ரோல் என்று வைத்தால் 105 சிசி. இன்ஜெக்டரை 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 105ஐ 0.8ஆல் வகுக்க, 131 வருகிறது. நிமிடத்துக்கு 130 முதல் 150 சிசி தரும் இன்ஜெக்டர் போதும்.

‘பெரிதாகப் போட்டுவைப்போம், பின்னால் உதவும்’ என்று காரின் 400 சிசி இன்ஜெக்டரை வாங்குபவர்கள் ஐடிலிங்கில் மாட்டிக்கொள்வார்கள். 140 சிசி இன்ஜெக்டர் ஐடிலிங்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் 3 மில்லிநொடி அளவில் பெட்ரோல் தெளிக்கும். 400 சிசி என்றால் அது 1 மில்லிநொடி. இன்ஜெக்டர் திறக்கவே அதே அளவு நேரம் எடுத்துக்கொள்ளும்போது, வோல்ட்டேஜ் சற்று ஆடினாலும் கலவை தலைகீழாகிவிடும்.

இன்ஜெக்டரின் மின்தடையையும் அளந்து பார்த்து வாங்குங்கள்: 12 முதல் 16 ஓம் வரை இருந்தால் ஸ்பீடுயினோ நேரடியாக இயக்கும். 2, 3 ஓம் காட்டும் வகை வேண்டாம்.

எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் திராட்டில் பாடி 28 முதல் 32 மில்லிமீட்டர் துளை உள்ளதாக இருக்கட்டும். பெரிய துளை போட்டால் கைப்பிடியை மயிரிழை திருகினாலே வண்டி துள்ளும். நகர நெரிசலில் ஓட்டவே முடியாது. திராட்டில் சென்சார் கூடவே வரும்படி வாங்குங்கள். சென்னையில் புதுப்பேட்டையில் பழைய இன்ஜெக்ஷன் வண்டிகளின் திராட்டில் பாடி, பம்ப், கனெக்டர் மூன்றும் ஒரே கடையில் கிடைக்கும். கனெக்டரை ஒயரோடு, அரை அடி நீளம் விட்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். வெறும் கனெக்டரை வாங்கினால் அதற்கேற்ற பின் தேடி ரிச்சி தெருவில் ஒரு நாள் போய்விடும்.

இவை தவிர: ஹெட் வெப்ப சென்சார், காற்று வெப்ப சென்சார், காற்றழுத்த சென்சார், அகலப்பட்டை ஆக்சிஜன் சென்சாரும் அதன் கன்ட்ரோலரும், ரிலே இரண்டு, ஃபியூஸ் பெட்டி, கீழே விழுந்தால் மின்சாரத்தை வெட்டும் சாய்வு ஸ்விட்ச். ஹெட் வெப்ப சென்சாரை, காற்றால் குளிரும் இன்ஜெக்ஷன் வண்டியிலிருந்து எடுங்கள். காரின் கூலன்ட் சென்சார் இந்த ஹெட்டின் சூட்டுக்குச் செய்யப்பட்டதில்லை.

4. பல் சக்கரமும் சிக்னலும்

முழு வேலையிலும் அதிகப் பொறுமை கேட்பது இந்தப் படிதான். கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று இசியுவுக்குத் தெரிய வேண்டும். ஒரு பல்லை விட்டுவிட்ட பல் வளையம் ஒன்று கிராங்கோடு சுழலும். சென்சார் பற்களை எண்ணும். இடைவெளி வரும்போது ‘ஒரு சுற்று முடிந்தது’ என்று இசியு அறிந்துகொள்ளும்.

வண்டியில் ஏற்கெனவே உள்ள பிக்கப் காயிலையே பயன்படுத்தினால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு துடிப்பு என்றால், அடுத்த துடிப்பு வரும்வரை இசியு வேகத்தை ஊகிக்க வேண்டும். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் கம்ப்ரஷனில் ஏறும்போது திணறி, பவர் அடியில் பாயும். ஸ்டார்ட் செய்யும்போது இந்த ஏற்ற இறக்கம் உச்சத்தில் இருக்கும், ஊகம் பொய்க்கும். அதனால் 12இல் ஒன்று குறைவான வளையம், இடம் இருந்தால் 24இல் ஒன்று குறைவான வளையம்.

மேக்னெட் ரோட்டரின் வெளிவிளிம்பில் உட்காரும்படி வளையத்தை மென்எஃகில் லேசர் வெட்டுக்குக் கொடுத்து, உள்விட்டத்தை லேத்தில் கடைந்து இறுக்கமாக ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். வளையம் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் சென்சார் இடைவெளி ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும். ஒரு சில பற்கள் மட்டும் எண்ணிக்கையில் விடுபடும்.

விடுபட்ட பல் எங்கே வர வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் அந்த இடைவெளி சென்சாரைக் கடக்கக் கூடாது. அங்கே கிராங்க் மெதுவாகும். இரண்டு சாதாரணப் பற்களுக்கு இடையிலான நேரமே நீண்டு, விடுபட்ட பல் போல இசியுவுக்குத் தோன்றும். உச்சிப் புள்ளியிலிருந்து 90 முதல் 120 பாகை தள்ளி வையுங்கள். சைலன்சரைத் தவறாகப் போட்டால்கூடப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். இறுக்கி ஏற்றிய வளையத்தைத் திருப்ப முடியாது. அதனால் ஏற்றுவதற்கு முன் மார்க்கரால் கோடு போட்டு இரண்டு முறை சரிபாருங்கள்.

சென்சார், காந்தமும் சுருளும் கொண்ட இரண்டு ஒயர் வகை. சூடு, எண்ணெய் இரண்டையும் தாங்கும். பல்லுக்கும் முனைக்கும் 0.7 முதல் 1 மில்லிமீட்டர் இடைவெளி. இதன் சிக்னல் ஏறி இறங்கும் அலையாக வரும். இசியுவுக்கு ஏற்ற சதுர அலையாக மாற்ற மேக்ஸ்9926 சிப் உள்ள சிறு பலகை வேண்டும்.

இரண்டு ஒயர்களையும் மாற்றி இணைத்தால் வண்டி கிளம்பும், ஐடிலிங்கும் நிற்கும், 3,000 சுழற்சியைத் தாண்டும்போது இருமத் தொடங்கும். பார்ப்பவர்கள் பெட்ரோல் குறைவு என்று நினைத்து, இசியுவின் பெட்ரோல் அட்டவணையில் எண்களை ஏற்றிக்கொண்டே போவார்கள். பற்களுக்கு இடையிலான நேரத்தைக் கம்பங்களாக வரைந்து காட்டும், டியூனர்ஸ்டுடியோவின் டூத் லாகரைத் திறந்து பாருங்கள்: சம உயரக் கம்பங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே ஒரு நெடிய கம்பம். நெடிய கம்பத்துக்கு முன்னோ பின்னோ இன்னொன்று பாதி உயரத்தில் நின்றால் ஒயர் மாறியிருக்கிறது.

5. ஒயரிங்

இன்ஜெக்டருக்கும் பம்புக்கும் ரிலே வழியாக 12 வோல்ட் கொடுங்கள். இன்ஜெக்டரின் இன்னொரு ஒயரை இசியு எர்த் பக்கம் திறந்து மூடும். பம்புக்குத் தனி ஃபியூஸ், இசியுவுக்குத் தனி ஃபியூஸ்.

சென்சார்களின் எர்த் எல்லாம் இசியுவில் மட்டும் சேர வேண்டும். அருகில் போல்ட் இருக்கிறதே என்று சேஸிஸில் அடித்தால், பம்ப் ஓடும்போதெல்லாம் திராட்டில் சென்சாரின் எண் தானாக ஆடும். இசியுவின் எர்த் நேராக பேட்டரியின் எதிர்முனைக்குப் போகட்டும்.

கிராங்க் சென்சார் ஒயர் உறையிட்டதாக இருக்க வேண்டும். உறையை இசியு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். பிளக் ஒயருக்குப் பக்கத்தில் இதைக் கொண்டுபோகாதீர்கள். ஸ்பார்க் பிளக் ரெசிஸ்டர் வகையா என்று பாருங்கள். பெயரில் ‘ஆர்’ எழுத்து இருக்கும். இல்லாத பிளக் போட்டால் ஒவ்வொரு பொறியும் இசியுவுக்கு ஓர் அடி. புல்லட்டில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு நிலைக்காது. எல்லா இணைப்பையும் கிரிம்ப் செய்யுங்கள்.

6. கார்புரேட்டர் ஓடும்போதே இசியுவைச் சோதித்தல்

இப்போது வண்டி வழக்கம்போலக் கார்புரேட்டரில், பொறியை இயக்கும் பழைய டிசிஐ பெட்டியில் ஓடுகிறது. இசியு வெறுமனே வேடிக்கை பார்க்கிறது. இந்த நிலையில் ஊர் சுற்றி வந்து பதிவை எடுத்துப் பாருங்கள்.

பார்க்க வேண்டியவை: சுழற்சி எண் தாவாமல் ஏறி இறங்குகிறதா, ஒத்திசைவு இழப்பு (இசியு பல் எண்ணிக்கையைத் தவறவிட்டது) எண்ணிக்கை சுழியமாகவே இருக்கிறதா, பேட்டரி வோல்ட்டேஜ் நிற்கிறதா, ஹெட் வெப்பம் படிப்படியாக ஏறுகிறதா. ஒத்திசைவு ஒரே ஒரு முறை அறுந்திருந்தாலும் நின்று காரணம் தேடுங்கள். கார்புரேட்டர் இருப்பதால்தான் இப்போது வண்டி வீடு வந்து சேர்கிறது.

இக்னிஷனை இசியுவிடம் இப்போதே ஒப்படைக்க வேண்டாம். பழைய பெட்டி பொறியைப் பார்த்துக்கொள்ளட்டும். சில வண்டிகளில் கார்புரேட்டரிலேயே ஒரு திராட்டில் சென்சார் இருந்து அதன் ஒயர் டிசிஐ பெட்டிக்குப் போகும். உங்கள் வண்டியில் அப்படியா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய திராட்டில் சென்சாரின் சிக்னலை அந்தப் பெட்டிக்கும் கொடுக்க வேண்டியிருக்கும்.

7. பெட்ரோல் பாதை

பெட்ரோல் டேங்குக்குள் பம்ப் வைப்பதே சிறந்தது. பெட்ரோலே பம்பைக் குளிர்விக்கும். ஆனால் அதற்கு டேங்கின் அடியை வெட்டி வளையம் பற்றவைக்க வேண்டும். பெட்ரோல் காலியான டேங்க், நிறைந்த டேங்கைவிட ஆபத்து: உள்ளே இருப்பது ஆவி. டேங்க் வேலையே தொழிலாகச் செய்யும் பட்டறையில் கொடுங்கள், வீட்டில் தொடாதீர்கள்.

வெளிப் பம்ப் எளிது. டேங்க் டேப்புக்குக் கீழே, பெட்ரோல் தானாக வழிந்து வரும் உயரத்தில் பம்ப். அதற்கு முன் சற்றுப் பெரிய கண்ணுள்ள ஃபில்டர், பின் 10 மைக்ரான் ஃபில்டர், அடுத்து இன்ஜெக்டர், கடைசியில் 3 பார் அழுத்த ரெகுலேட்டர், அங்கிருந்து திரும்பு குழாய். திரும்பு குழாய் டேங்குக்குள் போக வேண்டும். வேலை மிச்சம் என்று பம்பின் முன்னால் ‘டி’ இணைப்பில் சேர்த்தால், சூடான பெட்ரோல் அங்கேயே சுற்றிச் சுற்றிக் குமிழாகும். சித்திரை வெயிலில் சிக்னலில் நின்றால் வண்டி அணையும்.

கார்புரேட்டருக்குப் போட்ட ரப்பர் குழாய் 3 பார் தாங்காது. இன்ஜெக்ஷனுக்கென்று அச்சிட்ட குழாயும், முழு வட்டமாக அழுத்தும் கிளிப்பும் வாங்குங்கள். இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

எஞ்சினை ஓட்டாமல் பம்பை மட்டும் ஐந்து நிமிடம் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். சாய்வு ஸ்விட்ச்சைக் கையால் கவிழ்த்தால் பம்ப் நிற்க வேண்டும்; நிற்காவிட்டால் அடுத்த படி இல்லை.

8. திராட்டில் பாடியும் ஆக்சிஜன் சென்சாரும்

இப்போதுதான் கார்புரேட்டர் கழல்கிறது. திராட்டில் பாடிக்கும் ஹெட்டுக்கும் இடையில் அலுமினிய அடாப்டர் கடைந்து, இன்ஜெக்டரின் தெளிப்பு இன்லெட் வால்வின் முதுகைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். எதிர்ச் சுவரில் அடித்தால் பெட்ரோல் வழிந்து, குளிர்ந்த எஞ்சின் அடம்பிடிக்கும்.

ஆக்சிஜன் சென்சாருக்கான எம்18 மரையை வளைவுக் குழாயில் பற்றவைக்கும்போது, சென்சார் முனை கீழ்நோக்கிச் சாயட்டும். சென்சாரின் ஒயர் பக்கம் கிடைமட்டத்துக்கு மேல் குறைந்தது 10 பாகை தூக்கி நிற்கட்டும். படுத்துக் கிடந்தால் நீர்த்துளி தேங்கிச் செராமிக் வெடிக்கும். ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்காமல் சென்சாரைக் குழாயில் விட்டு ஓட்டினாலும் அது கரி பிடித்துக் கெடும்.

9. முதல் ஸ்டார்ட்

டியூனர்ஸ்டுடியோவில் கொள்ளளவு, இன்ஜெக்டர் அளவு, காற்று-பெட்ரோல் விகிதம் கொடுத்தால் அடிப்படைத் தெளிப்பு நேரத்தை அதுவே கணக்கிடும். 140 சிசி இன்ஜெக்டருக்கு 16 முதல் 18 மில்லிநொடி வந்தால் சரி. பாதியோ இரட்டிப்போ வந்தால் சிலிண்டர் எண்ணிக்கையையோ, ஒரு சுற்றுக்கு எத்தனை தெளிப்பு என்பதையோ தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

கணக்கு முறையாக ஆல்ஃபா-என் தேர்ந்தெடுங்கள். அதாவது திராட்டில் திறப்பும் சுழற்சியும் வைத்து அளவிடுவது. ஒற்றைச் சிலிண்டரின் இன்லெட் அழுத்தம் ஒவ்வொரு அடியிலும் துள்ளுவதால், அதை நம்பி அளவிடும் முறை தொடக்கத்தில் படுத்தும். காற்றழுத்த சென்சாரைத் திறந்த வெளியில் விட்டு, உயரத் திருத்தத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் முக்கால் பங்குதான். திருத்தம் இல்லாவிட்டால் மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக ஓடிய வண்டி குன்னூர் தாண்டியதும் கரும்புகை தள்ளும்.

திராட்டில் சென்சாரின் மூடிய நிலை, முழுத்திறப்பு நிலை இரண்டையும் பதிவுசெய்யுங்கள். ஐடிலிங் ஸ்க்ரூவைத் தொட்ட ஒவ்வொரு முறையும் மூடிய நிலையை மறுபடி பதிவுசெய்ய வேண்டும். ஆல்ஃபா-என்னில் இதை மறந்தால் ஐடிலிங் ஒரு நாளும் நிலைக்காது.

சாவியைத் திருப்பியதும் பம்ப் இரண்டு நொடி ஓடி நிற்கும். நின்ற பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். கிளம்பவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம், உலர்ந்திருந்தால் வரவில்லை. இதைப் பார்க்காமல் எண்களை மாற்றுவது வீண்வேலை.

10. டியூனிங்

விகித எண்ணில் டியூன் செய்யாதீர்கள், லாம்டாவில் செய்யுங்கள். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்குச் சரியான விகிதம் 14.7; இ20க்கு ஏறக்குறைய 13.5. லாம்டா என்பது உண்மையான விகிதத்தைச் சரியான விகிதத்தால் வகுத்த எண்: 1க்குக் கீழே பெட்ரோல் அதிகம், மேலே குறைவு. லாம்டா 1 என்பது இரண்டுக்கும் பொது. பழைய வழிகாட்டிகளில் உள்ள எண்களை அப்படியே எடுத்துப் போட்டு இ20இல் ஓட்டினால் குழப்பம்தான் மிஞ்சும்.

வரிசை இது: எஞ்சின் நன்கு சூடான பிறகு ஐடிலிங், அடுத்து மிதமான வேகத்தில் சீரான ஓட்டம், அடுத்து முழுத்திறப்பு, அதன் பிறகு திடீர்த் திருகலுக்கான கூடுதல் தெளிப்பு, கடைசியில் குளிர்ந்த ஸ்டார்ட். குளிர்ந்த நிலைக்கான சதவீதங்களெல்லாம் சூடான நிலையின் எண்ணோடு பெருகும். அடிப்படை எண் மாறிக்கொண்டிருக்கும்போது அவற்றைத் திருத்தினால், திருத்தியதையே மீண்டும் மீண்டும் திருத்த வேண்டியிருக்கும்.

இலக்கு: ஐடிலிங்கில் லாம்டா 0.90 முதல் 0.95, சீரான ஓட்டத்தில் 0.95 முதல் 1.0, முழுத்திறப்பில் 0.85 முதல் 0.88. காற்றால் குளிரும் ஹெட் என்பதால் முழுத்திறப்பில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஐடிலிங்கில் சென்சார் ‘பெட்ரோல் குறைவு’ என்று அடம்பிடித்தால் உடனே நம்பாதீர்கள். பொறி தவறினால் எரியாத காற்று அப்படியே வெளியேறும்; சென்சார் அதன் ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது, கூடவே போகும் பச்சைப் பெட்ரோலைப் பார்ப்பதில்லை. வளைவுக் குழாய் இணைப்பில் சிறு கசிவு இருந்தாலும் இதே கதை. பெட்ரோலைக் கூட்டக் கூட்ட எண் இன்னும் குறைவு என்று காட்டினால், கூட்டுவதை நிறுத்திவிட்டு பிளக்கையும் கேஸ்கெட்டையும் பாருங்கள். தானியங்கி டியூனிங் இந்த ஏமாற்றுக்கு முதலில் பலியாகும். அதனால் பெட்ரோல் அட்டவணையில் ஐடிலிங் கட்டங்களைப் பூட்டிவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரத்தையும் வோல்ட்டேஜ் திருத்தத்தையும் சோதிக்க ஒரு வழி: சூடான எஞ்சின் ஐடிலிங்கில் நிற்கும்போது ஹெட்லைட்டைப் போடுங்கள். வோல்ட்டேஜ் இறங்கும். லாம்டா நகராமல் இருந்தால் திருத்தம் சரி. பெட்ரோல் குறைந்தால் குறைந்த வோல்ட்டேஜுக்கான நேரத்தைச் சற்றுக் கூட்டுங்கள்.

11. சாலைக்கு வந்த பிறகு

முதல் சில வாரங்களுக்கு மடிக்கணினிப் பதிவை ஓட விட்டே ஓட்டுங்கள். மாற்றுக் கிராங்க் சென்சார், பம்ப் ரிலே, இரண்டு ஃபியூஸ் ஆகியவை டூல் பாக்ஸில் இருக்கட்டும். வண்டியை வழியில் நிறுத்தக்கூடியவை இவைதான். பழைய டேங்கின் துரு இ20இல் விரைவாகக் கழன்று வரும் என்பதால், பம்புக்கு முன்னுள்ள ஃபில்டரை முதல் மாதம் இரண்டு முறையாவது கழற்றிப் பாருங்கள். குழாய்க் கிளிப், சென்சார் தாங்கி போல்ட், திராட்டில் பாடி அடாப்டர் போல்ட் மூன்றையும் ஸ்பேனர் வைத்து மறுபடி இறுக்கிப் பாருங்கள். அதிர்வில் முதலில் தளர்வது அடாப்டர் போல்ட்.

கழற்றிய கார்புரேட்டரைக் கழுவி, பெட்ரோலை வடித்து, கேஸ்கெட்டோடும் கேபிளோடும் ஒரே பையில் போட்டுக் கட்டி வையுங்கள். பழைய ஒயர் கனெக்டர்களையும் வெட்டாமல் டேப் சுற்றி விடுங்கள். வண்டியை விற்கவோ, ஆய்வுக்குப் பழைய நிலையில் காட்டவோ வேண்டிவந்தால் ஒரு மதியத்தில் திருப்பி மாட்டிவிடலாம்.